இரண்டு ஃபிளாப்பியில் வந்த டூம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கணினி விளையாட்டு ஒன்றின் இலவசப் பதிப்பை இன்று மீண்டும் ஆடிப் பார்த்த வாசகர்கள் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பூதங்களைச் சுட்டு வீழ்த்தியபடி நிலை நிலையாக முன்னேறும், 1993இல் வெளியான டூம் விளையாட்டைப் பற்றியவை. ஆகையால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1996 வாக்கில் என் சித்தப்பா கொண்டுவந்த இரண்டு ஃபிளாப்பிகளில் டூம் இருந்தது. பல ஆண்டுகள் அதையே ஆடினேன். சென்ற மாதம் அதே பதிப்பைத் தேடி எடுத்து மீண்டும் ஆடியபோது, "அப்பா, இது வெறும் டெமோ" என்றான் என் மகன். அப்படியென்றால் நான் டூமை ஆடியதே இல்லையா? (கோவை வாசகர்)

நீங்கள் ஆடியது டூம்தான். டெமோ என்று இன்று நாம் சொல்லும் பொருளுக்கும் அன்று ஷேர்வேர் என்று வழங்கப்பட்டதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. டெமோ என்பது முழு விளையாட்டிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு துண்டு. ஆடுபவருக்கு ஆவல் பிறக்கும் நேரம் பார்த்து அது நின்றுவிடும். ஷேர்வேர் முறையில் விளையாட்டைப் பல பாகங்களாகக் கட்டி, முதல் பாகத்தை முழுமையாக, யாரும் யாருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியே விட்டுவிடுவார்கள். பிடித்தவர்கள் பணம் அனுப்பி மீதிப் பாகங்களை வாங்கிக்கொள்வார்கள். டூமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 1990இல் கமாண்டர் கீன், 1992இல் வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆகிய தங்கள் முந்தைய விளையாட்டுகளை இந்த வழியில்தான் அப்போஜி நிறுவனத்தின் மூலம் பரப்பினார்கள். டூமைத் தாங்களே வெளியிட்டார்கள். 1993 டிசம்பர் 10 அன்று அதன் முதல் பாகம் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் ஏற்றப்பட்டது. அதற்காகக் காத்திருந்தவர்களின் கூட்டத்தால், ஏற்ற வந்தவர்களுக்கே அந்தக் கணினியில் நுழைய இடம் கிடைக்காமல் போனது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த கதை.

அன்றைய முழு டூமில் மூன்று பாகங்கள், பாகத்துக்கு 9 நிலைகள், ஆக 27 நிலைகள். அவற்றில் 9 உங்களிடம் இருந்தன. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்பதே என் கருத்து. முதல் பாகத்தின் நிலைகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜான் ரொமேரோ ஒருவரின் கையில் உருவானவை. அதனால் அவற்றுக்குள் ஒரே மனத்தின் ஓட்டம் இருக்கிறது. அடுத்த இரண்டு பாகங்களில் பெரும்பகுதியைச் செய்தவர் சாண்டி பீட்டர்சன். வெளியீட்டுக்கு ஏறத்தாழ பத்து வாரங்களே இருந்தபோது சேர்ந்த அவர், அதற்கு முன்பே நிறுவனத்தை விட்டு விலகிவிட்ட டாம் ஹால் விட்டுச்சென்ற சில வரைவுகளையும் எடுத்து முடித்துக் கொடுத்தார். அந்தப் பாகங்களில் துணிச்சலான கற்பனைகள் உண்டு, நான் அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செதுக்கிய நேர்த்தி முதல் பாகத்தில்தான் இருக்கிறது. விற்பனைக்கு வைத்ததைவிடச் சும்மா கொடுத்ததில் அதிக உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்குக் கிடைக்காதவை என்று சொல்ல வேண்டுமானால், திரையின் அடியில் உள்ள ஆயுதப் பட்டியலில் 6, 7 என்ற எண்களுக்குரிய பிளாஸ்மா துப்பாக்கியும் பிஎஃப்ஜி என்ற பெரிய துப்பாக்கியும் முதல் பாகத்தின் எந்த நிலையிலும் இல்லை. காகோடீமன் போன்ற பூதங்களும் இல்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள்: டெமோ ஆடியவர் எந்தக் கதையையும் முடித்திருக்க மாட்டார், நீங்களோ ஒரு கதையை அதன் கடைசித் திரை வரை முடித்திருக்கிறீர்கள்.

கேள்வி: கல்லூரி நாட்களில் இந்த இலவசப் பதிப்பின் கடைசி நிலைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். இரண்டு பெரிய பூதங்களையும் கொன்றுவிடுவேன். பிறகு ஓர் இருட்டறைக்குள் போய்ச் சேர்ந்து அங்கே செத்துவிடுவேன். என்னால் அதை வெல்லவே முடியவில்லை என்ற குறை இருந்துகொண்டே இருந்தது. இப்போது மீண்டும் ஆடினேன், மீண்டும் அதே இடத்தில் அதே முடிவு. அந்த அறையிலிருந்து வெளியே வர என்ன செய்ய வேண்டும்? (திருநெல்வேலி வாசகி)

அம்மா, அந்த அறைக்கு வெளியே வரும் வழி இல்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் வென்றிருக்கிறீர்கள்.

போபோஸ் அனாமலி என்ற அந்த எட்டாவது நிலையில், பாரன் எனப்படும் அந்த இரண்டு பூதங்களும் விழுந்ததும் சுற்றுச்சுவர்கள் தாழ்ந்து வழி திறக்கும். அந்த வழியே நடந்து மேடையில் ஏறினால், அது உங்களை இருட்டறைக்குக் கொண்டுபோய் விடும். அறையின் தரைக்கு ஒரு தனிக் குணம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அது உங்கள் உடல்நலத்திலிருந்து 20 புள்ளிகள் வரை பறித்துக்கொண்டே இருக்கும். 10 அல்லது அதற்குக் கீழே வந்த உடனே நிலை முடிந்ததாக அறிவித்துவிடும். அடி படாமல் இருக்கும் ரகசியச் சொல்லைத் தட்டச்சிட்டிருந்தாலும் அந்தத் தரை அதை நீக்கிவிடும். இருளில் பதுங்கியிருக்கும் பூதங்களை ஒன்று விடாமல் கொன்றாலும் முடிவு மாறாது, ஏனென்றால் முடிவைக் கொண்டுவருவது அவை அல்ல, தரை.

அதன் பிறகு வரும் எழுத்துத் திரையை அன்று எத்தனை பேர் நின்று வாசித்தார்கள் என்று தெரியவில்லை. தோற்றோம் என்ற வருத்தத்தில் விசையைத் தட்டி அதைக் கடந்துவிட்டதாக எழுதியவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. நிலவுத் தளத்தைச் சுத்தம் செய்து முடித்தவனுக்கு வெற்றி கிடைத்திருக்க வேண்டும், ஆனால் கிடைத்தது இதுதான் என்று அந்தத் திரையே ஒப்புக்கொள்கிறது. கதையின் நாயகன் செவ்வாயின் முதல் துணைக்கோளான போபோஸில் வீழ்ந்து, இரண்டாம் துணைக்கோளான டீமோஸின் தளத்தில், நரகத்தின் கரையில் கண் விழிக்கிறான். இரண்டாம் பாகம் அங்கிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு பாகத்தையும் வெறும் கைத்துப்பாக்கியோடும் 50 தோட்டாக்களோடும் தொடங்க வைப்பது டூமின் ஏற்பாடு. சேர்த்த ஆயுதங்கள் எல்லாம் எங்கே போயின என்ற கேள்விக்கு இந்த மரணமே விடையாகிவிடுகிறது.

பணம் கொடுத்து வாங்காதவருக்கும் இப்படி ஒரு முடிவைக் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மீதியை வாங்குங்கள் என்ற அழைப்பு அதில் உண்டு, ஆனாலும் அது பாதியில் அறுந்த கதை அல்ல. அடுத்த முறை அந்த அறைக்குள் போகும்போது வழி தேட வேண்டாம். நில்லுங்கள், எழுத்துத் திரை வரும், நிதானமாக வாசியுங்கள்.

கேள்வி: இன்றைய மடிக்கணினியில் பழைய டூமை ஓட்டினேன். ஆட்கள் குட்டையாக, நசுங்கியதுபோல் தெரிகிறார்கள். இருட்டான இடங்களில் ஒன்றுமே தெரியவில்லை. இசையும் வேறாக ஒலிக்கிறது. நினைவுதான் ஏமாற்றுகிறதா? அன்று பார்த்தபடியே பார்க்க வழி உண்டா? (மதுரை வாசகர்)

நினைவு ஏமாற்றவில்லை. மூன்று குறைகளுக்கும் காரணம் உண்டு, மூன்றையும் சரிசெய்யலாம்.

முதலில் நசுக்கம். டூம் வரைவது குறுக்கே 320, நெடுக்கே 200 பிக்சல்கள் கொண்ட படம். அதை அன்று காட்டியவை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்த குழாய் மானிட்டர்கள்; 200 வரிகளையும் அவை திரையின் முழு உயரத்துக்கும் நிரப்பியதால், ஒவ்வொரு பிக்சலும் தன் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரத்தோடு தெரிந்தது. இன்றைய திரைகளில் பிக்சல்கள் சதுரம். ஆகவே திருத்தம் இல்லாமல் ஓட்டினால் பூதங்கள், கதவுகள், கீழே தெரியும் அந்த வீரனின் முகம் எல்லாமே தம் உயரத்தில் ஆறில் ஐந்து பங்காகக் குள்ளமாகிவிடும். பழைய டாஸ் இயங்குதள விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருளான டாஸ்பாக்ஸில் ஆடுபவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் 'ரெண்டர்' என்ற பகுதியில் 'ஆஸ்பெக்ட்' என்னும் வரியை 'ட்ரூ' என மாற்ற வேண்டும். சாக்லெட் டூம் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்த வேலை இல்லை, அது தானாகவே திருத்திக் காட்டும். பழைய டூம் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே, அதன் பிழைகள் உட்பட, நடந்துகொள்ள வேண்டும் என்ற குறிக்கோளோடு எழுதப்பட்டது அது. மீண்டும் ஆட விரும்புவோர்க்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இருட்டுக்கு எஃப்11 விசை போதும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வெளிச்சம் ஒரு படி ஏறும். ஓரிரு படிகளோடு நிறுத்துங்கள். ஐந்தாம் நிலையான போபோஸ் ஆய்வகத்தில் இருட்டு ஒரு வேலை செய்கிறது. அதைக் கழுவித் துடைத்துவிட்டால் அந்த நிலையில் அச்சம் என்பதே மிஞ்சாது.

இசை வேறுபடுவது ஒலி அட்டையால். பாபி பிரின்ஸ் அமைத்த இசை கோப்பில் குறிப்புகளாக மட்டுமே இருக்கிறது, அதை இசைப்பது உங்கள் கணினியின் பொறுப்பு. அன்று பல வீடுகளில் இருந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையின் எஃப்.எம். சில்லு ஒரு வகையாக, சற்றுக் கரகரப்பாக ஒலித்தது; இன்றைய இயங்குதளங்களில் உள்ள மிடி ஒலித்தொகுப்பு வேறு வகையாக ஒலிக்கிறது. சாக்லெட் டூமின் அமைப்புப் பக்கத்தில் பழைய சில்லின் ஒலியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதல் நிலையின் இசையை அதில் கேட்டதும் எனக்கு அந்தக் காலத்து மேசை, விசிறி, திரைச்சீலை எல்லாம் நினைவில் வந்தன. நான் அப்போது ஆடியது 486 கணினியில்; படம் தடங்கலின்றி ஓட வேண்டும் என்பதற்காகக் கழித்தல் விசையைத் தட்டித் தட்டிக் காட்சிப் பரப்பைச் சுருக்கிவைத்து ஆடுவோம். ஆகவே என் நினைவில் இருந்த டூம் ஓர் அஞ்சலட்டை அளவு சாளரத்துக்குள் இருந்தது. இப்போது முழுத்திரையில் அது நொடிக்கு 35 படங்கள் என்ற தன் முழு வேகத்தில் ஓடக் கண்டபோது, நான் அந்த விளையாட்டை அன்று சரியாகப் பார்த்ததே இல்லை என்று உணர்ந்தேன். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய கணினி நமக்கு நன்மையே செய்கிறது. கணினி எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் ஆட்டம் அந்த 35ஐத் தாண்டி ஓடாது. வேறு சில பழைய விளையாட்டுகளைப்போல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் சிக்கல் இதில் இல்லை.

சுட்டியை முன்னே தள்ளினால் ஆளும் முன்னே நகர்வது பலருக்குத் தொல்லையாக இருக்கிறது. அதுவும் பழைய இயல்புதான். அமைப்புப் பக்கத்தில் அதை நிறுத்திவைக்கலாம். அல்லது ஒரு நாளாவது அம்புக்குறி விசைகளோடு, சுட உதவும் கன்ட்ரோல் விசையோடு, கதவு திறக்கும் ஸ்பேஸ் விசையோடு மட்டும் ஆடிப் பாருங்கள். மேலே கீழே நிமிர்ந்து பார்க்கும் வசதி இந்த விளையாட்டில் கிடையாது. உயரத்தில் நிற்பவனை நேராகக் குறிபார்த்துச் சுட்டாலே குண்டு மேலேறிப் போய்ச் சேரும்படி செய்திருக்கிறார்கள். எனவே விசைப்பலகை மட்டுமே போதுமானது.

கேள்வி: முதல் நிலையை இப்போது ஆடினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதை ஏன் எல்லோரும் இவ்வளவு போற்றுகிறார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

வெளியேறும் கதவை நோக்கி நேராக ஓடினால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. நீங்கள் ஓடாமல், தொடக்க அறையிலேயே நின்று சாளரத்தின் வழியே வெளியே பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மலைகள் தெரியும், ஒரு முற்றம் தெரியும், முற்றத்தின் பச்சைக் குட்டையில் ஒரு நீலக் கவசம் கிடக்கும். அங்கே போக முடியுமா என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழுவதற்காகவே அந்தச் சாளரம் அங்கே இருக்கிறது.

போக முடியும். ரொமேரோ தாம் நிலைகளை வரையும்போது கைக்கொண்ட விதிகளைப் பின்னாளில் பட்டியலிட்டிருக்கிறார். ஆடுபவரின் கண்ணுக்கு வெளிப்புறம் தெரிந்தால், ஏதோ ஒரு வழியில் அவர் அங்கே போய்ச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்த முற்றத்துக்கு ஒரு மறைவழி உண்டு. சுவரைத் தட்டித் தட்டி அதைக் கண்டுபிடித்து வெளியே வந்து, மலைகளுக்குக் கீழே திறந்த வானத்தில் நின்று, சற்று முன்பு நாம் நின்றுகொண்டிருந்த அறையை வெளியிலிருந்து திரும்பிப் பார்க்கும் அந்தக் கணம், பணம் எதுவும் கொடுக்காதவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடுகிறது. இந்த உலகத்தில் காட்டப்படுவது எதுவும் பொய்த்திரை அல்ல என்ற நம்பிக்கையை அது ஊன்றிவிடுகிறது. அடுத்த எட்டு நிலைகளிலும் நாம் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு போவது அந்த நம்பிக்கையால்தான்.

மற்ற விதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். தரையின் தோற்றம் மாறும் இடங்களில் தரையின் உயரத்தையும் மாற்றுவது; வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டையும், குறுகலுக்குப் பக்கத்தில் விரிவையும் வைப்பது; ஒரு சுவரின் பரப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் எல்லைப் பட்டை ஒன்றைக் கொடுப்பது; ஏற்கெனவே பார்த்த இடத்துக்கே ஆடுபவரைப் பலமுறை திரும்பக் கொண்டுவந்து, இடம் மனத்தில் பதியும்படி செய்வது. பச்சைக் கழிவின்மேல் கோணல்மாணலாகச் செல்லும் பாலம் உள்ள அறையில் சிறிது நேரம் நின்றாலே இவற்றில் பல கண்ணுக்குத் தெரியும். டூமின் கணக்கில் ஓர் அறைக்கு மேல் மற்றோர் அறையை வைக்க முடியாது, சரிந்த தரை கிடையாது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான். இத்தனை தடைகளுக்குள் நின்று அந்த அறையைச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு என் மதிப்பு கூடியதே தவிர, குறையவில்லை.

மீண்டும் ஆடுவோர் மூன்றாம் நிலையில் ஒன்றைத் தவறவிடக் கூடாது. அங்கே மறைவான ஒரு வெளியேறும் வழி உண்டு. அது உங்களை ஒன்பதாவதான ராணுவத் தளத்துக்கு அழைத்துச் செல்லும். எட்டு நிலைகளோடு ஆட்டம் முடிந்தது என்று முப்பது ஆண்டுகளாக நினைத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்று புதிதாகவே காத்திருக்கிறது.

கேள்வி: இலவசப் பதிப்பை நண்பர்களுக்குப் படியெடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரியா? முழுப் பதிப்பையும் இப்போது இலவசம் என்கிறார்களே? (சேலம் வாசகர்)

ஷேர்வேர் பதிப்பை, எந்த மாற்றமும் செய்யாமல், படியெடுத்துக் கொடுக்கலாம். பரவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். இட் சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் டூமின் மூல நிரலை வெளியிட்டது, 1999இல் அதைக் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. ஆனால் அது நிரலுக்கு மட்டுமே பொருந்தும். நிலைகள், படங்கள், ஒலிகள் ஆகியவை அடங்கிய கோப்புக்குப் பொருந்தாது. முழுப் பதிப்பு இன்றும் விலைக்கு விற்கப்படும் பொருள். வாங்கி ஆடுங்கள். முழுக்கக் கட்டற்றதுதான் வேண்டும் என்பவர்களுக்கு, அந்த நிரலில் ஓடும்படி ஆர்வலர்கள் புதிதாக வரைந்து சேர்த்த ஃப்ரீடூம் இருக்கிறது.

கேள்வி: நான் ஆடுவதைப் பார்த்து என் பத்து வயது மகளும் ஆட வேண்டும் என்கிறாள். படங்கள் பொம்மைபோல்தானே இருக்கின்றன, கொடுக்கலாமா? (புதுச்சேரி வாசகி)

வேண்டாம் என்பதே என் பதில். அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்பு டூம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1994இல்தான் தோன்றியது. பின்பு அது டூமுக்குக் கொடுத்த தரம் 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கானது. பிக்சல்கள் பெரிதாக இருப்பதால் வன்முறை சிறிதாகிவிடாது. அவளுடைய ஆர்வம் இடங்களின் மேல் என்றால், டேப் விசையை அழுத்தி அந்த நிலையின் வரைபடத்தைக் காட்டுங்கள். நீங்கள் நடக்க நடக்கக் கோடுகள் ஒவ்வொன்றாக விரியும். பூதங்கள் எல்லாம் ஒழிந்த பிறகு மறைவழிகளைத் தேடும் வேலையில் அவளைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 2009இல் காலமான என் அண்ணனின் பழைய கணினியிலிருந்து ஒரு கோப்புறையைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அதில் டூமின் இலவசப் பதிப்பும், எல்.எம்.பி. என்று முடியும், 37 கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பும் இருக்கின்றன. கோப்பின் தேதி 1997. அது அவர் ஆடிய ஆட்டத்தின் பதிவு என்று ஒரு நண்பர் சொன்னார். இன்றைய ஒரு டூம் மென்பொருளில் அதை ஓட்டினேன். அரை நிமிடம் நன்றாகப் போகிறது. பிறகு ஆள் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். அண்ணன் அப்படி ஆடக்கூடியவர் அல்ல. கோப்பு கெட்டுவிட்டதா? (திருச்சி வாசகர்)

கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் அண்ணனும் சுவரில் முட்டியிருக்க மாட்டார்.

டூமில் இந்தப் பதிவுகளுக்கும் டெமோ என்றே பெயர். விளையாட்டைத் தொடங்கிவிட்டு எதையும் தொடாமல் விட்டால், தலைப்புப் படத்துக்குப் பின் யாரோ ஆடுவதுபோல் காட்சிகள் ஓடுமே, அவையும் இந்த வகைதான். இதில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. ஆடியவரின் கைகள் செய்தவை மட்டும் இருக்கின்றன. ஒரு நொடியை டூம் 35 கூறுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கூறிலும் ஆடுபவர் முன்னோ பின்னோ எவ்வளவு நகர்ந்தார், பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தார், எவ்வளவு திரும்பினார், சுட்டாரா அல்லது கதவைத் திறந்தாரா என்ற நான்கு செய்திகளும் ஒவ்வொரு பைட்டாக எழுதப்படுகின்றன. நொடிக்கு 140 பைட். உங்கள் கோப்பின் அளவை இதனால் வகுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய நான்கரை நிமிடம் வருகிறது.

பதிவை ஓட்டும்போது, விளையாட்டு உண்மையிலேயே புதிதாக ஒருமுறை நடக்கிறது. விசைகளை மட்டும் ஆளுக்குப் பதில் கோப்பு அழுத்துகிறது. பூதங்கள் எந்தப் பக்கம் திரும்பும், குண்டு எவ்வளவு காயம் செய்யும் என்பவற்றைத் தற்செயல் எண்கள் தீர்மானிக்கின்றன என்றாலும், டூமின் தற்செயல் என்பது 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியல். ஆட்டம் தொடங்கும்போது பட்டியலின் தொடக்கத்திலிருந்தே வாசிப்பு தொடங்கும். ஆகவே அதே விசைகளை அதே கணங்களில் அழுத்தினால் அதே பூதம் அதே இடத்தில் விழும். ஆனால் ஆட்டத்தின் விதிகளில் இம்மியளவு மாற்றம் இருந்தாலும் போதும், ஓரிடத்தில் ஒரு பூதம் சாகாமல் பிழைத்து வழியை மறித்துக்கொள்ளும், அன்று திறந்த கதவு இன்று திறக்காது, அதன் பிறகு கைகள் ஓர் உலகத்திலும் கால்கள் வேறோர் உலகத்திலும் இருக்கும். உங்கள் திரையில் நடந்தது இதுதான். டூம் 1.0 முதல் 1.9 வரை பல பதிப்புகளாக வந்தது. ஒரு பதிப்பில் செய்த பதிவு மற்றொன்றில் ஒழுங்காக ஓடும் என்பதற்கு உறுதி கிடையாது.

எந்தப் பதிப்பு என்பதைக் கோப்பிடமே கேட்கலாம். கோப்பின் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளில் அதைத் திறந்து முதல் பைட்டைப் பாருங்கள். 109 என்றால் 1.9, 106 என்றால் 1.666. 0 முதல் 4 வரையிலான எண் இருந்தால் அது 1.2 அல்லது அதற்கும் முந்தியது, ஏனென்றால் அந்தப் பதிப்புகள் தம் எண்ணைக் குறிக்காமல் ஆட்டத்தின் கடினத்தன்மையிலிருந்தே தொடங்கிவிடும். 109 என்றால் சாக்லெட் டூமில் ஓட்டலாம். பழையது என்றால் பிஆர்பூம் பிளஸ் என்ற மென்பொருளில் பழைய பதிப்புகளின் விதிகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அண்ணன் ஆடிய விளையாட்டே அந்தக் கோப்புறையில் இருக்கிறது. அவர் பதிவு செய்தது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். முதலில் கோப்புறை முழுவதையும் இரண்டு வேறு இடங்களில் படியெடுத்து வையுங்கள். மூலத்தில் எதையும் ஓட்ட வேண்டாம். படியை டாஸ்பாக்ஸில் திறந்து, டூம் என்ற கட்டளைக்குப் பின் ஓர் இடம் விட்டு, ஒரு கழித்தல் குறியோடு சேர்த்து 'பிளேடெமோ' என்று எழுதி, மீண்டும் ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரை எழுதுங்கள். எல்.எம்.பி. என்ற பின்னொட்டு வேண்டாம், விளையாட்டே சேர்த்துக்கொள்ளும். இந்த எழுத்துகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரியாக ஓடினால், அவர் கண் வழியாகவே நான்கரை நிமிடம் பார்ப்பீர்கள். எங்கே தயங்கினார், எந்தக் கதவுக்கு முன் நின்று யோசித்தார், தெரிந்த மறைவிடத்தை நோக்கி எவ்வளவு வேகமாகத் திரும்பினார் என்பதெல்லாம் நொடியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு பிசகாமல் அதில் இருக்கும். பதிவின் கடைசி பைட்டை வாசித்ததும் விளையாட்டு எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மூடிக்கொண்டு, டாஸ் திரைக்குத் திரும்பிவிடும். அது பழுது அல்ல, அதன் இயல்பு. அதே கட்டளையை மீண்டும் எழுதினால் மீண்டும் முதலிலிருந்து ஓடும்.